மின் விநியோக நிறுவனத்தில் இடர் அடிப்படையிலான பாதுகாப்புக் கலாசாரத்தை எப்படிக் கொண்டுவருவது?

பாதுகாப்புப் பிரிவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கிறேன், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பதினெட்டு வருடம் லைன் வேலையில் இருந்தவன். கடைசி ஆறு வருடம் உங்கள் நாற்காலியில்தான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

முதலில் விபத்துப் பதிவேட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். படியில் சறுக்கியது, விரலில் ஸ்பேனர் விழுந்தது, பைக்குக்கு நாய் குறுக்கே வந்தது என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கும். இதையெல்லாம் குறைத்தால் சாவும் தானாகக் குறையும் என்று நாங்களும் நம்பினோம். ஸ்பேனர் விழுவதற்கும் 11 கேவி (11,000 வோல்ட்) லைனில் கை படுவதற்கும் காரணம் வேறு வேறு. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று சரியாகாது.

இடர் அடிப்படை என்றால், எது ஆளைக் கொல்லுமோ அதை முதலில் பிடிப்பது. அமெரிக்க மின் நிறுவனங்களின் சங்கமான எடிசன் எலெக்ட்ரிக் இன்ஸ்டிடியூட் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சுமார் 1500 ஜூலுக்கு மேல் ஆற்றல் இருக்கும் வேலையெல்லாம் உயிர் போகக்கூடிய வேலை. 70 கிலோ ஆள் இரண்டேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே அது வந்துவிடும். நம் ஆட்கள் ஏறுவதோ 8 மீட்டர் கம்பம். அந்த மாதிரி வேலையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆள் அசந்து தவறு செய்தாலும் அவனைக் காப்பாற்றும் தடுப்பு அங்கே இருந்ததா? ஹெல்மெட், போஸ்டர், மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்து உறுதிமொழி எதுவும் இந்தக் கணக்கில் வராது. லைனில் போட்ட எர்த், அதாவது லைனைக் கேபிளால் தரையோடு இணைப்பது, வரும். யாராவது தெரியாமல் சார்ஜ் செய்துவிட்டாலும் பிரேக்கர் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு கல்யாண மண்டபம். அதற்குப் போகும் லைனில் வேலை. எல்சி (லைன் கிளியர், லைனில் வேலை செய்ய அனுமதி) வாங்கியாயிற்று, சப்ஸ்டேஷனில் பிரேக்கர் ஆஃப், ஏபி ஸ்விட்சும் (கம்பத்தில் லைனைப் பிரிக்கும் ஸ்விட்ச்) திறந்திருக்கிறது. எல்லாம் சரி என்று ஹெல்பர் பெல்ட்டை மாட்டிவிட்டான். மூத்த லைன்மேன் மட்டும், "இருடா, எர்த் ராடைப் போட்டுட்டு ஏறு" என்றார். ராடின் கேபிள் கிளாம்பை முதலில் எர்த்தில் இறுக்கிவிட்டு, ராடின் கொக்கியை லைனுக்குக் கொண்டுபோனபோது பளீரென்று ஒரு பொறி. மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் மின்சாரம் லைனுக்குப் போகாமல் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் கிடையாது. 415 வோல்ட், டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி ஏறி, மேலே 11,000 வோல்ட்டாக நின்றிருக்கிறது.

அவர் நேராக வந்து சொன்னார். அலுவலகம் என்ன செய்தது? "வேலை தொடங்கும் முன் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று ஏன் பார்க்கவில்லை" என்று அவருக்கே மெமோ. கையெழுத்து என்னுடையது. அடுத்த நான்கு மாதம் எங்கள் பிரிவிலிருந்து ஒரு 'தப்பித்தோம்' தகவல்கூட வரவில்லை. கூட்டத்தில் அதைச் சாதனையாகக் காட்டினோம் என்பதுதான் கொடுமை.

மெமோவை வாபஸ் வாங்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அதன்பிறகு அந்த லைன்மேனையே கூட்டிக்கொண்டு ஃபீடர் ஃபீடராக (சப்ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு லைனாக) போய், எங்கெங்கே ஜெனரேட்டர், எங்கே கூரையில் சோலார் என்று பட்டியல் எடுத்தோம். எல்சி படிவத்தில் அதற்கென ஒரு வரி சேர்த்தோம். சேஞ்ச் ஓவர் இல்லாத இடங்களுக்கு நோட்டீஸ் போனது. பயிற்சி வகுப்பு நடத்துவதைவிட இதில் அலைச்சல் அதிகம், ஆனால் ஆபத்து ஊற்றிலேயே அடைபடுகிறது.

ஒப்பந்த ஆட்களைத் தனியாகக் கவனியுங்கள். நடந்ததைச் சொன்னால் பில்லில் கை வைப்பார்கள் என்று ஒப்பந்தக்காரர் வாயை அடைத்துவிடுவார். தகவல் சொன்னதற்காகப் பிடித்தம் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தேன். இரண்டு தரப்பும் நம்ப ஒரு வருடம் ஆனது.

அப்புறம், முன்கூட்டிச் சொல்லாமல் நாலைந்து வேலை இடங்களுக்குப் போய் நின்று பாருங்கள். எர்த் ராட் லைனில் இருக்கிறதா, ஜீப்பிலேயே கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நான் போன இடங்களில் பாதிக்குமேல் ஜீப்பில்தான் கிடந்தது. "ஏன் போடல?" என்று அதட்டாமல், "போடுறதுல என்ன கஷ்டம்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் ராடை எடுத்துக் கம்பத்தில் சாய்த்து வைத்துக் காட்டினார். கேபிள் பாதி உயரம்கூட எட்டவில்லை. விலை குறைவு என்று நீளம் குறைத்து வாங்கியிருக்கிறோம். "மூணு வருஷமா இப்படித்தான் சார், யாரும் கேக்கல" என்றார்.