கடன் திருநாளில் டூட்டி விழுந்தால், பூசைக்குப் போகாதது பாவமா?

ஆகஸ்ட் 15 அன்று உங்களுக்குக் காலை டூட்டி. மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா, கடன் திருநாள், அதாவது பூசைக்குப் போவது கடமையான நாள். பூசைக்குப் போக முடியவில்லை. இது சாவான பாவமா (மிகக் கனமான பாவமா), அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போவதற்கு வழியே இல்லாமல் போயிருந்தால் அது பாவம் இல்லை. தாராளமாக நன்மை வாங்குங்கள். நானும் நர்ஸ்தான், சென்னையில் பதினான்கு வருடமாக வார்டு டூட்டி பார்க்கிறேன். இதே கேள்வியோடு நானும் ஒரு தடவை, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முழந்தாளிட்டிருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். எங்களுக்கு ஆகஸ்ட் 15 என்றால் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழாதான். சுதந்திர தினமும் அதே நாள் என்பதே பள்ளிக்கூடம் போன பிறகுதான் எனக்குத் தெரியும். பாட்டி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். எண்ணிக்கைக்குத்தான் கூலி, போகாத நாளுக்குக் கூலி கிடையாது. ஆனாலும் அன்றைக்கு வேலைக்குப் போக மாட்டாள். குளித்து, வெளுத்த சேலை கட்டி, எங்களையும் இழுத்துக்கொண்டு பூசைக்குப் போவாள். ஒரு நாள் கூலி அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய தொகை என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

கடன் திருநாள் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், கீழே கருத்தில் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையைப் போலவே பூசையில் பங்கெடுப்பது கடமை என்று திருச்சபை குறித்து வைத்திருக்கும் நாட்கள் இவை. இங்கே கடன் என்பது வாங்கித் திருப்பித் தரும் கடன் இல்லை. காலைக்கடன், நன்றிக்கடன் என்கிறோமே, அந்தக் கடன். 1642-இல் எட்டாம் உர்பான் பாப்பரசர் வகுத்த பட்டியலில் முப்பதுக்கும் மேற்பட்ட நாட்கள் இருந்தன. 1911-இல் பத்தாம் பத்திநாதர் அவற்றை எட்டாகக் குறைத்தார். இப்போது நடைமுறையில் இருக்கும் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் பத்து நாட்கள் இருக்கின்றன. ஆனால் அந்தந்த நாட்டு ஆயர்கள் ரோமின் ஒப்புதலோடு சிலவற்றை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாம், சிலவற்றின் கடமையை நீக்கலாம். இந்தியாவில் லத்தீன் முறை (ரோமை வழிபாட்டு முறை) கத்தோலிக்கருக்கு ஞாயிறுகள் தவிர மிஞ்சியிருப்பவை இரண்டுதான்: கிறிஸ்துமஸ், ஆகஸ்ட் 15. இரண்டுமே அரசு விடுமுறை. மற்ற நாடுகளில் வேலை நாளின் நடுவே ஓடிப்போய்ப் பூசை காண்கிறவர்களை நினைத்தால் நமக்கு இது பெரிய வசதி. நம்மைப் போல ஆஸ்பத்திரி, ஹோட்டல், காவல் வேலையில் இருப்பவர்களுக்குத்தான் விடுமுறை விடுமுறையாக இருப்பதில்லை.

(சாம்பல் புதன், பெரிய வெள்ளி, கல்லறைத் திருநாள், வேளாங்கண்ணித் திருவிழாவான செப்டம்பர் 8, இவையெல்லாம் கடன் நாட்கள் இல்லை. ஆனால் கோயில் கொள்ளாத கூட்டம் அன்றுதான். கட்டாயம் இல்லாத நாளில் சனம் இப்படித் திரண்டு வருவதைப் பார்க்க எனக்கு எப்போதும் சந்தோஷம்.)

சரி, என் கதைக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஆகஸ்ட் 15 அன்று காலை ஏழு முதல் இரவு ஏழு வரை ஐசியூவில் டூட்டி. அன்றைக்கு ஆள் குறைவு, இரண்டு நோயாளிகள் வென்டிலேட்டரில். வெளியே வரும்போது மணி எட்டரை. ஹாஸ்டல் பக்கத்துக் கோயிலுக்குப் போனேன், கதவைச் சாத்திவிட்டார்கள். மாதா சிலை இருக்கும் குகை போன்ற கெபியில் மட்டும் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மாதாவின் காலடியில் நின்று அழுதேன். ஊரில் அந்த நேரம் எல்லாரும் தேர் பார்த்துவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமி, அதாவது குருவானவர், வயதானவர். முழுவதும் கேட்டுவிட்டு, "நோயாளியை விட்டுவிட்டு வந்திருக்க முடியுமா?" என்றார். முடியாது என்றேன். "அப்படியானால் அது பாவம் இல்லை. ஆனால் ஒன்று சொல். டூட்டியை மாற்றித் தரச் சொல்லி யாரிடமாவது கேட்டாயா?" என்றார். நான் கேட்கவில்லை. கேட்டால் இன்சார்ஜ் அக்கா கோபப்படுவார் என்று பயம். முந்தின நாள் சாயங்காலப் பூசைக்குப் போகலாம் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. பதினான்காம் தேதி மூன்று மணிக்கே டூட்டி முடிந்து அறையில் படுத்துக் கிடந்தேன். சாமி திட்டவில்லை. "அடுத்த வருடம் கேட்டுப் பார் மகளே" என்று மட்டும் சொன்னார்.

முடியவில்லை என்பது வேறு, முயலவில்லை என்பது வேறு. உங்கள் கேள்வியைப் படித்ததும் நான் கேட்க நினைத்தது சாமி கேட்ட அதே கேள்விதான். உங்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் ஒருவர் கேட்டுத்தான் புத்தி வந்தது.

அடுத்த வருடம் ஜூலையிலேயே ரோஸ்டர் போடும் முன்னால் போய்க் கேட்டேன். என்னோடு வேலை பார்த்த ஒரு முஸ்லிம் தோழி, "பக்ரீதுக்கு நீ என் டூட்டியைப் பார், பதினைந்தாம் தேதி உன்னுடையதை நான் பார்க்கிறேன்" என்றாள். அவள் கல்யாணமாகிப் போகும் வரைக்கும் ஆறு வருடம் இதே ஏற்பாடு. கோபப்படுவார் என்று நான் பயந்த அக்கா, முதல் தடவை கேட்டபோதே சரி என்று எழுதிக்கொண்டார்.

டூட்டியை மாற்றவே முடியாது என்றால் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பூசைக் கடமையை அந்த நாளிலும் நிறைவேற்றலாம், முந்தின நாள் மாலையிலும் நிறைவேற்றலாம். எந்த மொழியில் நடந்தாலும் சரி, எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையாக இருந்தாலும் சரி. நைட் டூட்டி முடிந்து வந்த சில ஞாயிறுகளில் அறைத்தோழியோடு சீரோ மலபார் (கேரளக் கத்தோலிக்க வழிபாட்டு முறை) குர்பானாவுக்கு, அதாவது அவர்களுடைய பூசைக்கு, போயிருக்கிறேன். மலையாளம் பாதிதான் புரியும், ஆனாலும் அது முழுப்பூசைதான். சென்னையில் சாந்தோம், பெசன்ட் நகர் மாதிரி பெரிய கோயில்களில் ஒரு நாளைக்குப் பல பூசைகள் இருக்கும், நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம் மட்டும் கவனம். 2023-இல் வந்த மாதிரி கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வந்தால் ஞாயிறுக்கு ஒரு பூசை, கிறிஸ்துமஸுக்கு ஒரு பூசை. ஞாயிறு மாலையில் போகும் ஒரே பூசையை இரண்டுக்குமாகக் கணக்கு வைக்க முடியாது.

இது எதுவுமே நடக்காது என்று முன்கூட்டியே தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லுங்கள். நியாயமான காரணம் இருந்தால் அந்தக் கடமையிலிருந்து உங்களுக்கு விலக்குக் கொடுக்கவோ, பதிலாக வேறு ஒரு பக்திச் செயலைச் செய்யச் சொல்லவோ அவருக்கு அதிகாரம் உண்டு. நோயில் கிடப்பவர்கள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களைப் பற்றி திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடே தெளிவாகச் சொல்கிறது, அவர்கள் குற்ற உணர்ச்சியோடு இருக்க வேண்டியதே இல்லை. நோயாளியைக் கவனிக்கும் நாமும் அந்தப் பக்கம்தான் சேர்வோம்.

மாதா டிவியில் பூசை பார்த்தால் கணக்கில் சேருமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நேரில் போகக் கூடியவருக்கு அது போதாது. போக முடியாதவருக்குக் கடமையே இல்லை என்பதால் கணக்கு என்ற பேச்சும் இல்லை, ஆறுதலுக்காகப் பார்க்கலாம், நல்லதுதான். கடைசி மூன்று வருடம் பாட்டி கட்டிலில் கிடந்தபடி அப்படித்தான் பூசை கண்டாள். நன்மை கொடுக்கும் நேரத்தில் கையைக் கூப்பிக்கொள்வாள். முதல் வெள்ளிக்கிழமைகளில் சாமி வீட்டுக்கே நன்மை கொண்டுவருவார்.

வளைகுடாப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே பல நாடுகளில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அதனால் ஞாயிறு பூசையை வெள்ளியிலேயே வைக்கிறார்கள், அதுவே ஞாயிறு கடமையை நிறைவேற்றும். என் சித்தி மகள் துபாயில் இருக்கிறாள். அங்கே செயின்ட் மேரிஸ் கோயிலில் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நிற்கவே இடம் இருக்காதாம். இப்போது அமீரகத்தில் சனி, ஞாயிறு விடுமுறை ஆகிவிட்டது, ஆனாலும் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போகிறவர்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்களாம்.

இனி உங்களுக்கு அடுத்து வருவது கிறிஸ்துமஸ். நவம்பர் கடைசியிலேயே இன்சார்ஜிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். 25 காலை டூட்டி கிடைத்தாலும் பரவாயில்லை, 24 இரவுப் பூசை கிறிஸ்துமஸ் கடமைக்குச் சேரும். 24 நைட் டூட்டி என்றால் காலையில் அறைக்குப் போய்ப் படுத்துவிடாமல் நேராகக் கோயிலுக்குப் போய்விடுங்கள், யூனிஃபார்மோடு போனாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் பல வருடம் அப்படித்தான் போயிருக்கிறேன்.