கீழக்கரைப் பழைய வீட்டில் நாலு மைக் வைத்து ஃப்ரீ ஜாஸ் ஆல்பம் பதிவு செய்ய முடியுமா?

கேள்வி: ஆல்டோ சாக்ஸபோன், பேஸ் கிளாரினெட், டபுள் பேஸ், டிரம்ஸ் என நாலு பேர். மின்கருவி எதுவும் இல்லை. கீழக்கரையில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டுக் கூடம் கிடைத்திருக்கிறது. மைக் நாலுதான். ஆல்பம் தேறுமா?

தேறும். நாலு மைக் தாராளம். ஆனால் ஆளுக்கு ஒன்று என்று பங்கு வைத்துவிடாதீர்கள், காரியம் கெடுவது அங்கேதான். ஃப்ரீ ஜாஸ் முன்கட்டு இல்லாமல் அந்தந்தக் கணத்தில் கற்பனையாக வாசிக்கும் ஜாஸ்; இதில் நிலையான தாளக்கட்டு கிடையாது, எனவே ஒரு டேக்கின் (ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்ததன்) தலையை இன்னொரு டேக்கின் உடம்பில் ஒட்ட முடியாது. ஒருவர் சத்தம் மற்றவர் மைக்கில் விழத்தான் செய்யும். யார் எங்கே நிற்கிறார் என்பதுதான் உங்கள் மிக்ஸிங். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் 1960 டிசம்பரில் இரண்டு நால்வர் குழுக்களைச் சேர்ந்து வாசிக்கவைத்து, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் கேட்கும்படி சுமார் 37 நிமிடத்தை ஒரே டேக்கில் பதிந்தார். அந்தத் துணிச்சல் உங்களுக்கும் வேண்டும்.

முதலில் காலம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று ஜன்னல் இடுக்கில் விசிலடிக்கும், பனையோலை சலசலப்பும் உள்ளே வரும். தை பிற்பாதியிலிருந்து மாசி முடிய நல்லது. இஷா பாங்கு முடிந்து ஊர் அடங்கிய பிறகு, இரவு 10 மணிக்குத் தொடங்கி 2 மணிக்குள் முடியுங்கள். அதற்குப் பிறகு மீன்பிடி வல்லங்களின் எஞ்சின் சத்தம் கேட்கத் தொடங்கலாம். லேப்டாப்பையும், மைக்குகளை அதோடு இணைக்கும் இன்டர்ஃபேஸையும் பேட்டரியில் ஓட்டுங்கள். மலிவான இன்வெர்ட்டர் தரும் மின்சாரம் பதிவில் உறுமலாக வரும்.

கூடத்தின் நடுவில் நின்று ஒரு கைதட்டு தட்டுங்கள். எதிரெதிர்ச் சுண்ணாம்புச் சுவர்களுக்கு இடையே ‘டர்ர்’ என்று அதிர்ந்தால், ஒரு சுவரில் மட்டும் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை, சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். ஓலைப்பாயும் மீன்வலையும் இதற்கு உதவாது. நாலு சுவரையும் மூடவும் கூடாது. தன் சத்தம் தனக்கே திரும்பி வராவிட்டால் வாசிப்பவர் ஊதித் தள்ளுவார், மெல்லிய இடங்கள் காணாமல் போகும்.

நாலு பேரும் பிறைவட்டமாக, ஹெட்போன் இல்லாமல், ஒருவரை ஒருவர் பார்க்கும்படி நிற்கட்டும். டபுள் பேஸ் நடுவில். டிரம்ஸ் அதற்குப் பின்னால் ஒன்றரை மீட்டர். இரண்டு மைக்கை 17 செ.மீ. இடைவெளியில், 110 பாகை விரித்து, பேஸுக்கு 2.4 மீட்டர் முன்னால், இரண்டு மீட்டர் உயரத்தில் வையுங்கள். ஆல்பத்தின் முக்கால் பங்கு இந்த ஜோடிதான். சாக்ஸ் தூக்கலாகக் கேட்டால் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுவிசையை) தொடாதீர்கள், வாசிப்பவரை அரை அடி பின்னே தள்ளுங்கள்.

மூன்றாவது மைக் டபுள் பேஸின் பிரிட்ஜுக்கு (கம்பிகளைத் தாங்கும் மரப்பாலத்துக்கு) 30 செ.மீ. முன்னால். நாலாவது பேஸ் கிளாரினெட்டுக்கு. பலர் அதைக் கீழே வளைந்த வாயில் வைக்கிறார்கள். அங்கே அடிமட்ட ஸ்வரங்கள் மட்டுமே வரும், மற்றதெல்லாம் துளைகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. குழலின் நடுப்பகுதியைப் பார்த்து 60 செ.மீ. தள்ளி வையுங்கள். டிரம்ஸுக்குத் தனி மைக் வேண்டாம். கூடம் ஐந்து மீட்டருக்கும் குறைவு என்றால் குச்சிக்குப் பதில் பிரஷ். டிரம்ஸ் அடங்கியிருந்தால் குறையில்லை: அமெரிக்கக் கிளாரினெட் கலைஞர் ஜிம்மி ஜூஃப்ரியின் 1961 மூவர் குழுவில் கிளாரினெட், பியானோ, பேஸ் மட்டும்தான், டிரம்ஸே கிடையாது.

டபுள் பேஸ் ஒலி அதன் மைக்கை எட்டிய சுமார் 7 மில்லி விநாடிக்குப் பிறகுதான் முன்ஜோடியை எட்டும். மிக்ஸிங்கில் பேஸ் டிராக்கை அவ்வளவு பின்தள்ளுங்கள், விநாடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் சுமார் 340 சாம்பிள். இதை விட்டுவிட்டு ‘பேஸ் சுரத்தே இல்லை’ என்று ஈக்வலைசரைத் திருகுவதில் பயனில்லை. 24 பிட்டில் பதியுங்கள். ஒத்திகையில் உச்சம் மைனஸ் 18 டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள். அசல் டேக்கில் எல்லோரும் ஒத்திகையைவிட ஓங்கி வாசிப்பார்கள்.

இனி ஈரக்காற்று. கண்டென்சர் மைக்கில் ஈரம் இறங்கினால் கடுகு பொரிவதுபோலச் சத்தம் வரும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஏசி அறையிலிருந்து கொண்டுவந்தால் டப்பாவை ஒரு மணி நேரம் திறக்காதீர்கள், குளிர்ந்த மைக்கில் காற்றின் ஈரம் துளியாகப் படியும். சாக்ஸில் ஜி ஷார்ப் துளையை மூடும் பேட் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ‘பட்’டென்று விடும், மெல்லிய இடத்தில் அது வெடிபோல் விழும். டேக்குக்கு முன் அதனடியில் மெல்லிய தாளை வைத்து அழுத்தி எடுங்கள்.

சூடு ஏறினால் ஊதுகருவியின் சுருதி ஏறும், பேஸின் எஃகுக் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். ஃப்ரீ ஜாஸுக்குச் சுருதி எதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். பிறழ்ந்த ஸ்வரம் வாசிப்பவர் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும், வெக்கை கொடுத்ததாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு டேக்குக்கும் முன் சுருதி சேருங்கள்.

40 நிமிட இசை போதும். சாக்ஸபோன் கலைஞர் ஆல்பர்ட் அய்லர் மூவராக 1964இல் பதிந்த ‘ஸ்பிரிச்சுவல் யூனிட்டி’ அரை மணிகூட இல்லை. கடைசி டேக் முடிந்ததும் யாரும் அசையாமல் வெறும் கூடத்தை இரண்டு நிமிடம் பதியுங்கள். அலையோசை அதில் மெலிதாக இருக்கும். உருப்படிகளுக்கு இடையே வெற்று அமைதிக்குப் பதில் அதைப் போடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு உருப்படி முடியும்போதும் கடல் சட்டென்று அறுந்துபோவது காதில் குத்தும்.