பசித்தவர்களுக்கு மிஷனரிகள் சோறு போடுவது இரக்கமா, மதம் மாற்றும் தூண்டிலா? மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கலாம் என்றிருக்கிறேன், கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு நகர்ந்துவிடத்தான் நினைத்தேன். இரண்டு நாளாக மனம் விடவில்லை. நீங்கள் இப்போதுதான் சம்பாதிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளையாக இருப்பீர்கள். ஆலயத்தில் ஒரு மிஷனரி வந்து படம் போட்டுக் காட்டியிருப்பார். மறுநாள் அலுவலகத்தில் யாரோ "எல்லாம் ஆள் பிடிக்கத்தான்" என்று சொல்லியிருப்பார்கள். அப்படி எண்ணிக்கொண்டே எழுதுகிறேன்.

நான் நர்ஸ். ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். 1994இல் கணவரோடு ராஜ்மஹால் மலைக்குப் போனேன். சாகிப்கஞ்ச் மாவட்டம், அன்றைக்கு பீகார், 2000 நவம்பரிலிருந்து ஜார்க்கண்ட். பர்ஹர்வாவில் ரயிலை விட்டு இறங்கி, ஜீப் போகும் தூரம் போய், அப்புறம் நடை. அங்கே இருப்பவர்கள் பஹாடியா மக்கள். அவர்கள் பேசும் மால்டோ, தமிழைப் போலவே திராவிட மொழி. மலைச்சரிவில் மக்காச்சோளமும் தட்டைப்பயறும் விதைப்பார்கள். விறகு வெட்டித் தலையில் சுமந்து கீழே சந்தைக்குக் கொண்டுபோவார்கள். ஆடி, ஆவணியில் பழைய தானியம் தீர்ந்திருக்கும், புதுக் கதிர் முற்றியிருக்காது, மழையில் விறகும் விலை போகாது. அப்போது மகாஜன் என்னும் வட்டிக்காரர் ஒரு மூட்டை தருவார். அறுவடையில் ஒன்றரை மூட்டையாக வாங்கிக்கொள்வார்.

முதல் வருடம் எங்களுக்குக் கொஞ்சம் அரிசி வந்தது. ஞாயிறு ஜெபக்கூட்டம் முடிந்ததும் கொடுப்பது என்று ஏற்பாடு. கூட்டம் எப்படியும் கூடுகிறது, அப்போதே கொடுத்துவிட்டால் சுலபம் என்பதுதான் எண்ணம். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. மூன்றாவது வாரம் ஒரு தாய், முந்தானையில் அரிசியை முடிந்துகொண்டே என்னிடம் கேட்டாள்: "அடுத்த வாரமும் உட்கார வேண்டுமா, சகோதரி?"

குத்தலாகக் கேட்கவில்லை. வேலைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். அன்றிரவு நானும் கணவரும் சாப்பிடவில்லை. மறு வாரத்திலிருந்து அரிசியைச் சனிக்கிழமை காலையில், ஊர்த் தலைவர் வீட்டு வாசலில் வைத்துக் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பாதியாகக் குறைந்தது. குறையட்டும் என்றார் என் கணவர்.

அதே தாயின் மகன்தான் இன்றும் என் கண்ணில் நிற்கிறான். மூன்று வயதிருக்கும். தலைமுடி செம்பட்டையாகி, புறங்கால் வீங்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தேன். குழி அப்படியே நின்றது. அந்த வீக்கம் வெறும் நீர் என்று படித்தவர்களுக்குத் தெரியும். ஊரார் கண்ணுக்கு அது சதை. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பரிதாபப்பட்டு வயிறு நிறையச் சோறு ஊட்டினால் அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். பாலும் சர்க்கரையும் எண்ணெயும் கலந்து, கொதித்து ஆறிய தண்ணீரில், இரண்டு மணிக்கு ஒருமுறை கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். இரவிலும் எழுந்து கொடுத்தேன். ஆறாம் நாள் வீக்கம் வடிந்து பையன் எலும்பும் தோலுமாகத் தெரிந்தான். தாய் பயந்து அழுதாள். நான் மகிழ்ச்சியில் அழுதேன். பிறகு அவன் நடந்தான், ஓடினான். அவள் ஞானஸ்நானம் பெறவில்லை. எங்கள் கூட்டத்துக்கும் அப்புறம் வரவில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் ஒரு பிடி தட்டைப்பயறு கொடுக்காமல் போகமாட்டாள்.

எங்களை அனுப்பியவர்களுக்கு எழுதும் மாத அறிக்கைத் தாளில் கூட்டங்கள் எத்தனை, புதியவர்கள் எத்தனை, ஞானஸ்நானம் எத்தனை என்று கட்டங்கள் இருந்தன. அந்தப் பையனை எழுத ஒரு கட்டம் இல்லை. "இதர விசேஷங்கள்" என்ற இடத்தில் நாலு வரி எழுதினேன். பதில் வரவில்லை.

நான் எல்லா மிஷனரிகளுக்கும் வக்காலத்து வாங்கவில்லை. சோற்றைக் காட்டிப் பேர் எழுதியவர்கள் இருந்திருக்கிறார்கள். அது பாவம் என்று ஆலயத்திலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் "பால் பவுடருக்கும் கோதுமைக்கும் மாறியவர்கள்" என்று ஒரே வார்த்தையில் எங்களை முடித்துவிடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். என் பூட்டியின் குடும்பமும் அதில் உண்டு. கஞ்சிக்காகத்தான் சேர்ந்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பசித்தவள் கஞ்சி ஊற்றியவர் பக்கம் போனதில் அவளுக்கு என்ன இழிவு? அவளை அதுவரை வாசலில்கூட நிற்கவிடாதவர்கள் அல்லவா பதில் சொல்ல வேண்டும்? ஐயாயிரம் பேரைப் புல்லில் பந்தியமர்த்திய இயேசு, யாரிடமும் விசுவாசம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்பம் கொடுக்கவில்லை. அப்பத்துக்காகத்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று மறுநாள் அவரே சொன்னார். தெரிந்துதான் கொடுத்தார்.

வெளிநாட்டுப் பணம் என்பார்கள். வெளிநாட்டுப் பணமே வேண்டாம், இந்தியர் காசில் இந்தியர் போகவேண்டும் என்று, பின்னாளில் பேராயரான அசரியா முதலானோர் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியது 1903இல். என் அம்மா தினமும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். மாதக் கடைசியில் அந்தப் பிடியரிசி ஆலயத்துக்குப் போகும். நாங்கள் மலையில் கொடுத்த அரிசிக்குப் பின்னால் இருந்தது அப்படிப்பட்ட பானைகள்தான்.

இன்று அந்தப் பானையை யார் வைத்திருக்கிறார்கள்? கோபுரத்தை இடித்து இன்னும் உயரமாகக் கட்டுகிறோம். திருச்சபைத் தேர்தல் வந்தால் வேன் பிடித்து ஆள் ஏற்றுகிறோம். ஒரு தேர்தலில் ஓட்டுப் போட வந்தவர்களுக்கு பிரியாணிப் பொட்டலம் கொடுத்ததை நானே பார்த்தேன். அன்று முழுவதும் அந்தப் பையனின் புறங்கால் நினைவில் இருந்தது. கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்று தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அரிசி கொடுப்பதை நாங்கள் நான்காம் வருடம் நிறுத்தினோம். பதிலாக அறுவடையில் வீட்டுக்கு இத்தனை படி என்று ஊரே ஒரு குதிரில் சேர்த்தது. ஆடியில் எடுத்துக்கொள்ளலாம், திருப்பும்போது ஒரு படி கூட்டித் தர வேண்டும், அவ்வளவுதான். கணக்கு எழுதியது ஊர்ப் பெண்கள். முதல் வருடம் பாதித் தானியம் எலிக்கும் ஈரத்துக்கும் போனது. மேடை கட்டி உயர்த்திய பிறகு நின்றது. 2009இல் நாங்கள் கிளம்பும்போது அந்த ஊரில் ஆறு வீடுகள் மகாஜனிடம் போவதை விட்டிருந்தன. ஆறுதான். பெருக்கிச் சொல்லவில்லை.

2017இல் ஜார்க்கண்ட் அரசு இவர்களைப் போன்ற பழங்குடிக் குடும்பங்களுக்கு மாதம் 35 கிலோ அரிசியை மூட்டையாகக் கட்டி வீட்டுக்கே கொண்டுபோகும் திட்டம் தொடங்கியது. கேட்டபோது நெஞ்சு குளிர்ந்தது. அரசு செய்ய வேண்டியதை அரசுதான் செய்ய வேண்டும். 2023இல் உலகில் சுமார் 73 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன. பிடியரிசி அதற்கு ஈடாகாது என்று எனக்கும் தெரியும். அதற்காகப் பானையை எடுத்துவைத்துவிட முடியுமா?

நீங்கள் கொடுங்கள், தம்பி. ஆனால் கொடுக்குமுன் அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வாங்கிக்கொள்கிறவர் கூட்டத்துக்கு வராவிட்டாலும் கொடுப்பீர்களா? எந்த மாதத்தில் கொடுப்பீர்கள்? கிறிஸ்துமஸுக்கு என்றால் யோசியுங்கள். டிசம்பரில் எல்லாரும்தான் அனுப்புவார்கள்; அந்த மலையில் அப்போது வீட்டுக்கு வீடு மக்காச்சோளம் கட்டித் தொங்கும். ஆடியில் போய்ச் சேருமா என்று கேளுங்கள்.