போரில் சொந்தப் படையையே சுட்டுவிடுவதை எப்படித் தடுக்கிறார்கள்?

'இவ்வளவு ரேடாரும் ஜிபிஎஸ்ஸும் வந்த பிறகும் ஏன் நடக்கிறது?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதினேழு வருடம் காலாட்படையில் இருந்துவிட்டு இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கே தேவனாம்பட்டினம் கோட்டைக்காக 1758-ல் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்டபோது, சிவப்புச் சட்டையைப் பார்த்தே இங்கிலீஷ்காரன் என்று சொல்லிவிடலாம். இன்று உடுப்பே ஒளிந்துகொள்ளத்தான். எதிரி கண்ணுக்கு மறைகிறவன் கூட்டாளி கண்ணுக்கும் மறைந்துதானே போவான்?

வானத்தில் இதற்கு ஐஎஃப்எஃப் என்றொரு கருவி. ரேடியோவில் கேள்வி போகும், நம் விமானமாக இருந்தால் சங்கேதப் பதில் தானாக வரும். பதில் வராவிட்டால் எதிரி என்று அர்த்தமில்லை, சிக்கலே அங்கேதான். 2019 பிப்ரவரி 27 அன்று ஸ்ரீநகர் அருகே பட்காமில் நம் எம்ஐ-17 ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியது. விமானப்படையினர் ஆறு பேரும் ஊர்க்காரர் ஒருவரும் போனார்கள். ஐஎஃப்எஃப் அணைந்திருந்தது என்று விசாரணையில் வந்ததாகச் செய்தி.

2001 டிசம்பரில் ஆப்கானிஸ்தானில் காந்தஹார் பக்கம் அமெரிக்கப் படை மேலேயே அமெரிக்கக் குண்டு விழுந்ததற்குக் காரணம் இன்னும் அற்பம். குண்டு விழவேண்டிய இடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ்ஸில் பேட்டரி மாற்றினார்கள். மாற்றியதும் அது எதிரி இடத்தை மறந்து, தான் இருக்கும் இடத்தைக் காட்டியது. அப்படியே விமானத்துக்குச் சொல்லிவிட்டார்கள். அமெரிக்கர் மூன்று பேரும் கூட இருந்த ஆப்கானியர் சிலரும் இறந்தார்கள்.

தரையில் யார் எங்கே என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் காவல் போஸ்ட் அந்தப் பாறையிலிருந்து இந்த மரம் வரைதான் சுடலாம். ரோந்து எத்தனை பேர், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்பும். அப்புறம் அன்றைய பாஸ்வேர்டு.

ஒரு குளிர்கால இரவு நான் சென்ட்ரி, அதாவது காவல். ரோந்து நாலு மணிக்கு இடதுபக்க ஓடை வழியாக வரவேண்டும். இரண்டரைக்கே வலதுபக்கம் கல் உருண்டது. 'தம்! கோன் ஆத்தா ஹை?' (நில்! யார் வருவது?) என்று இந்தியில் கேட்டேன். பதில் இல்லை. திரும்பக் கேட்டுவிட்டு, சுடத் தயாராக ரைபிளை காக் பண்ணினேன். அந்தச் சத்தத்துக்குத்தான் இருட்டிலிருந்து தமிழ் வந்தது: 'டேய், சுட்டுடாதடா, நான்தான்!' பண்ருட்டிக்காரன். ஒருவனுக்குக் கால் பிசகி, குறுக்கு வழியில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வயர்லெஸ்ஸில் பேட்டரி செத்திருந்தது. காற்றில் என் குரலும் கேட்கவில்லையாம்.

திட்டு எனக்குத்தான். 'பாஸ்வேர்டு கேட்காமல் ஏன் உள்ளே விட்டாய்? எதிரிக்கும் தமிழ் தெரிந்திருந்தால்?' என்றார் ஹவில்தார். மறுநாளிலிருந்து இரண்டாவது பேட்டரி இல்லாமல் ரோந்து கிளம்பக் கூடாதென்று உத்தரவு. குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும் என்று அதைச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு போவோம்.