கன்று ஈன்ற மாடு தீவனம் எடுக்கவில்லை, வைட்டமின் டானிக் கொடுக்கலாமா?

பசு ஈன்று பத்து நாளாகியும் தீவனம் சரியாக எடுக்கவில்லை, பாலும் ஏறவில்லை, கடையில் சொன்ன வைட்டமின் டானிக்கை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், சொன்ன அளவில் கொடுத்தால் கெடுதல் இல்லை. ஆனால் அந்தப் பாட்டிலை நம்பி நாலு நாளைக் கடத்திவிடாதீர்கள். இந்தச் சமயத்தில் மாடு தீவனத்தை ஒதுக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கீட்டோசிஸை, அதாவது உடம்புக் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைவதால் வரும் நோயை.

ஈன்றதும் பாலுக்கு வேண்டிய சத்து மளமளவென்று கூடுகிறது. அந்த அளவுக்குத் தின்ன மாட்டுக்குச் சில வாரம் பிடிக்கும். அதுவரை உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் சமாளிக்கிறது. கரைந்த கொழுப்பு அளவுக்கு மீறிக் கல்லீரலுக்கு வந்தால் ஒரு பகுதி கீட்டோன் என்ற பொருளாகிறது, ஒரு பகுதி அங்கேயே படிகிறது. அதோடு பசி மந்தம். சினையில் நன்றாகக் கொழுத்த மாடுதான் இதில் அதிகம் சிக்கும்.

திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டில் நெடுநாளாகக் கறவை மாடு உண்டு. நான் கவனித்தவரை, இந்த நோயில் மாடு முதலில் புண்ணாக்கையும் தவிட்டையும் ஒதுக்கும், வைக்கோலை மட்டும் கடித்துக்கொண்டிருக்கும். சாணி இறுகி, மேலே சளி பூசினாற்போல மினுங்கும். மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வரும். அந்த வாடை எல்லோர் மூக்குக்கும் தெரியாது, அதனால் சிறுநீரில் கீட்டோன் சோதித்துவிடுவதே நல்லது. இருப்பது உறுதியானால் மருத்துவர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார், சில நாளுக்கு உடம்பில் குளுக்கோஸாக மாறும் புரோப்பிலீன் கிளைக்கால் திரவத்தை வாய்வழியே கொடுக்கச் சொல்வார். ஊற்றும்போது மாட்டின் தலையை ரொம்பத் தூக்கிப் பிடிக்காதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

நம் ஊரில் ஈன்ற மாட்டுக்குக் கருப்பட்டி கரைத்துக் கொடுப்பது வழக்கம். கொஞ்சம் கொடுங்கள், ருசிக்குக் குடிக்கும். ஆனால் அந்த இனிப்பை அசைவயிற்றில், அதாவது தின்றது முதலில் போய்ச் சேரும் பெரிய வயிற்றில், இருக்கும் நுண்ணுயிர்கள் அங்கேயே நொதிக்க வைத்துவிடும், சர்க்கரையாக ரத்தத்தில் சேராது. அள்ளிக் கொடுத்தால் வயிறு புளித்து, இருக்கிற பசியும் போய்விடும். வேகவைத்த மரச்சீனிக் கிழங்குக்கும் இதே கணக்குதான்.

சரி, வைட்டமினுக்கு வருவோம். ஈனும் சமயத்தில் மாட்டின் ரத்தத்தில் வைட்டமின் ஏ, ஈ, பீட்டா கரோட்டின் எல்லாமே இறங்கும். தீவனம் குறைவது ஒரு காரணம், சீம்பாலில் இறக்கிவிடுவது இன்னொன்று. சீம்பாலின் அந்த அடர்ந்த மஞ்சள் பீட்டா கரோட்டினால் வருவது. வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு வைட்டமின் ஏ மிகக் கொஞ்சம்தான் போகும், மீதியெல்லாம் சீம்பாலில்தான். மாடு ஒழுங்காகத் தின்னத் தொடங்கினால் சில வாரத்தில் அதன் ரத்தத்தில் இந்த வைட்டமின்களின் அளவும் தானாக ஏறும். பி வகை வைட்டமின்களை அசைவயிற்று நுண்ணுயிர்களே செய்து கொடுக்கும், அதற்கும் உள்ளே தீவனம் போக வேண்டும். தின்னாத மாட்டுக்கு மருத்துவர் பி12 ஊசி போட்டால் அதில் அர்த்தம் உண்டு: அசைவயிற்றில் உண்டாகும் புரோப்பியோனிக் அமிலத்தைக் கல்லீரல் குளுக்கோஸாக்க அந்த வைட்டமின் வேண்டும். பி12-ஐச் செய்ய நுண்ணுயிர்களுக்குக் கோபால்ட் என்ற தாது தேவை, தாது உப்புக் கலவையை விடாமல் கொடுக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

வைட்டமின் உண்மையில் கை கொடுப்பது சினையின் கடைசி இரண்டு மாதத்தில். பால் வற்றியதும் "கறக்காத மாட்டுக்கு எதுக்குத் தீவனம்" என்று வெறும் வைக்கோலில் விட்டுவிடுகிறோம், எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு. நாஞ்சில்நாட்டுப் பக்கம் கும்பப்பூ நெல் அறுத்துப் படப்பு போட்ட வைக்கோலில் ஒரு கைப்பிடி உருவிப் பாருங்கள், பச்சை துளியும் இருக்காது. பச்சை போனால் கரோட்டின் போனது, வைட்டமின் ஈயும் பெரும்பகுதி போயிருக்கும். பால் வற்றிய மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 யூனிட் வைட்டமின் ஈ வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. இதுவும் செலினியமும் குறைந்தால் இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழாமல் தங்குவதற்கும் மடிநோய்க்கும் வாய்ப்பு கூடும். தோட்டத்துப் புல்லோ கோ-4 தீவனப் புல்லோ தினமும் கொஞ்சம் கிடைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஏ, டி ஊசிகளை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அவை உடம்பில் தங்கி நஞ்சாகக்கூடியவை.

இன்றைக்கே மாட்டின் காய்ச்சலைப் பாருங்கள். 103 பாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தால் கர்ப்பப்பையிலோ மடியிலோ கிருமி இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. காது சில்லிட்டு, எழ முடியாமல் தலையை விலாப் பக்கம் மடித்துப் படுத்தால் அது பால் காய்ச்சல், கால்சியம் குறைவால் வருவது. பெரும்பாலும் ஈன்ற முதல் மூன்று நாளுக்குள் வரும், அப்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இப்போது பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், போக முடியாவிட்டால் கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு அழையுங்கள். வருகிறவரிடம் சிறுநீரில் கீட்டோன் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.