வாசகர் கேள்வி: ஆடியவர் பயிற்சி கொடுக்க வரும்போது

எனக்கு 31 வயது. ஊர் கிளப்புக்கும் கொஞ்ச காலம் திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலக அணிக்கும் கால்பந்து ஆடினேன். முட்டியில் தசைநார் கிழிந்தபின் ஆட்டம் நின்றுபோனது. பயிற்சியாளர் ஆக எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகர், சின்னத்துறை

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸில் தொடங்குங்கள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆறு நாள் வகுப்பு. அதற்கு மேலே ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, புரோ என்று படிகள் போகின்றன. ஒரு படியை முடித்த கையோடு அடுத்ததற்குப் போய்விட முடியாது. நடுவில் ஓர் அணியை வைத்துப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். ஏ வரை போகவே பல வருடங்கள் ஆகும். 31 வயதில் தொடங்குவது நல்ல நேரம். "இன்னும் ரெண்டு சீசன் பார்ப்போம்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

வகுப்பில் பாதி நேரம் மைதானத்தில்தான். மற்றவர் பயிற்சி கொடுத்துக் காட்டும்போது நீங்கள் அவரிடம் பயிலும் சிறுவனாக நின்று ஆட வேண்டியிருக்கும். முட்டிக்கு பிசியோதெரபிஸ்டிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாக ஆடியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: பயிற்சித் திட்டத்தைத் தாளில் வரைவது, ஒரு விஷயத்தை அரை நிமிடத்தில் சொல்லி முடிப்பது. இரண்டையும் வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள்.

அரசு வேலைதான் குறி என்றால் வழி வேறு. பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமாவை அரசுப் பணி அறிவிப்புகளில் பெரும்பாலும் கேட்பார்கள். கிளப்புகள் கேட்பது லைசென்ஸ். பாட்டியாலா நிறுவனத்திலேயே ஆறு வாரச் சான்றிதழ் வகுப்பு ஒன்றும் உண்டு. அதை டிப்ளமா என்று நினைத்து விண்ணப்பித்து ஏமாற வேண்டாம்.

காயத்தோடு ஆட்டம் நின்றவர்களுக்கு காலித் ஜமீலின் பாதையைச் சொல்லலாம். மும்பை எஃப்.சி.யில் ஆட்டத்தை முடித்து 2009-ல் அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். பல வருடம் சின்ன பட்ஜெட் அணியோடு மல்லுக்கட்டினார். பிறகு 2016–17-ல் ஐஸால் அணியை ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீக்கில் சாம்பியன் ஆக்கினார். 2025-ல் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு வந்தது. நம் மாநிலத்தில் சபீர் பாஷா இருக்கிறார். இந்தியன் வங்கிக்கு ஆடி, அதே அணிக்குப் பயிற்சி கொடுத்து, சென்னையின் எஃப்.சி.யில் உதவிப் பயிற்சியாளராகி, 2022-ல் இடைக்காலத் தலைமைப் பொறுப்பையும் பார்த்தவர். இருவருமே தாங்கள் ஆடிய இடத்திலிருந்தே தொடங்கினார்கள். உங்களுக்கும் உங்கள் ஊர்ப் பையன்கள்தான் முதல் அணி.

20 பையன்கள், 6 பந்து. நானே செய்து காட்டினாலும் அவர்களுக்கு வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். என்ன தப்பு?
– வாசகர், குளச்சல்

உங்கள் உடம்புக்குத் தெரிந்ததை நீங்கள் இன்னும் வார்த்தையாக்கவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் பயிற்சியாளர் ஆகும்போது முதலில் மாட்டிக்கொள்வது இதில்தான்.

வரிசையை முதலில் ஒழியுங்கள். 20 பேரை ஒரே வரிசையில் நிறுத்தி கோல் அடிக்கச் சொன்னால், ஆளுக்கு 20 நொடி வைத்தாலும் ஒருவனுக்கு அடுத்த முறை வர ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். 20 நிமிடத்தில் மூன்று தடவை பந்தைத் தொடுவான். மற்ற நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பான்.

அதற்குப் பதில், 8 மீட்டருக்கு 8 மீட்டரில் நான்கு கட்டம் போடுங்கள். கட்டத்துக்கு ஐந்து பேர்: வெளியே நால்வர், நடுவில் பிடிக்க ஒருவன். நான்கு பந்து ஆட்டத்தில், இரண்டு உங்கள் காலடியில். வெளியே போன பந்தைத் தேடி ஓட விடாமல் உடனே அடுத்ததைத் தட்டிவிடுங்கள். தொடர்ந்து ஐந்து பாஸ் வரவில்லையா, கட்டத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் 2 மீட்டர் பெரிதாக்குங்கள். பதினைந்து தாண்டுகிறதா, சிறிதாக்குங்கள். கட்டம் பெரிதாக இருந்தால் நெருக்கடி இருக்காது, பையன் நின்று யோசித்து ஆடுவான்; அந்தப் பழக்கம் மேட்ச்சில் உதவாது.

அன்றைக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். உதாரணத்துக்கு, பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. ஒரு பையன் வரும் பந்தைக் கிட்டக் காலால், அதாவது பந்து வரும் பக்கத்துக் காலால், நிறுத்துகிறான். உடம்பு பந்து வந்த பக்கமே திரும்பி நிற்கிறது. அவனுக்குப் பின்னால் ஆள் சும்மா நிற்கிறான், இவனுக்குத் தெரியவில்லை. அங்கே விசில் அடித்து எல்லாரையும் அப்படியே நிறுத்துங்கள். "மக்களே, உனக்குப் பின்னால யாரு நிக்கான்?" என்று கேளுங்கள். அவனே திரும்பிப் பார்க்கட்டும். அதே பந்தை மறுபடி வாங்கச் சொல்லுங்கள். இந்தத் தடவை தூரக் காலால் வாங்குவான், உடம்பு தானாகத் திறக்கும். 20 நொடியில் முடித்து ஆட்டத்தை விடுங்கள். கோட்டோரம் நின்று "அடி, அடி" என்று கத்தினால் முடிவெடுப்பது நீங்கள், ஓடுவது மட்டும் அவன்.

கடைசியில் ஐவருக்கு ஐவர், 35-க்கு 25 மீட்டரில் இரண்டு களம். சின்ன கோல். நீங்கள் இறங்கி ஆடாதீர்கள். இறங்கினால் எல்லாரும் உங்களுக்கே பந்தைத் தருவார்கள்.

கடப்புறத்தில் அருமையாக ஆடும் எங்கள் பிள்ளைகள் நாகர்கோவிலில் புல் மைதானத்தில் இறங்கினால் தடுமாறுகிறார்கள். ஏன்?
– வாசகி, இரவிபுத்தன்துறை

மணலில் பந்து உருளாது. அதனால் பிள்ளைகள் கால்விரலால் கிளப்பிக் கிளப்பி ஆடப் பழகுகிறார்கள். கால் புதைவதால் அடிகள் குட்டையாகும், கெண்டைக்கால் நன்றாக உரமேறும். பந்தைக் காற்றில் அடக்குவதில் இவர்களை அடிக்க ஆளில்லை. அந்தச் சொத்தை விட்டுவிடக் கூடாது. ஆனால் கெட்டித் தரையில் பந்து சறுக்கிக்கொண்டு வரும், முதல் தொடுதலிலேயே இரண்டு மீட்டர் ஓடிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மணலில் திரும்பும்போது பாதமும் கூடவே திரும்பும். பூட்ஸின் அடியில் இருக்கும் குமிழ்கள் (ஸ்டட்) புல்லில் பிடித்துக்கொண்டால் பாதம் நிற்கும், முட்டி திருகும். போட்டிக்கு மூன்று வாரம் முன்பிருந்தே வாரம் இரண்டு நாள் கெட்டித் தரையில், பூட்ஸ் போட்டே ஆட விடுங்கள். ஒவ்வொரு தடவையும் 'ஃபிஃபா 11+' என்ற வார்ம்-அப்பைச் செய்யுங்கள். மொத்தம் 15 பயிற்சி, 20 நிமிடம்: 8 நிமிட ஓட்டம், 10 நிமிடம் வலுவும் சமநிலையும், கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். அதைத் திருத்தாமல் எண்ணிக்கையை மட்டும் முடித்தால் பலன் இல்லை.

உப்பு நீர் பட்ட பந்தை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு எந்தப் பந்து?
– வாசகர், தக்கலை

4-ஆம் எண். 350 முதல் 390 கிராம் இருக்கும். பெரியவர்களின் 5-ஆம் எண் 410 முதல் 450 கிராம். அதைச் சிறு பிள்ளைகளிடம் கொடுத்தால் விரல்நுனியால் குத்தி அடிக்கப் பழகிவிடுவார்கள். எட்டு வயதுக்குள் என்றால் 3-ஆம் எண் போதும். தலையால் அடிப்பதை இந்த வயதில் பழக்கவே வேண்டாம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் எல்லாரும் கரையில் இருப்பதால் தினமும் செவன்ஸ், அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. என் 14 வயதுப் பையன்களையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். தடுக்கலாமா?
– வாசகர், வள்ளவிளை

தடுத்தால் உங்களுக்குத் தெரியாமல் ஆடுவார்கள். கணக்கு வையுங்கள். ஒரு பையன் ஒரே நாளில் இரண்டு மேட்ச் ஆடக் கூடாது. செவன்ஸ் ஆடிய மறுநாள் உங்கள் பயிற்சியில் ஓட்டம் வேண்டாம். இந்த வயதில் எலும்பு வேகமாக வளர்கிறது. முட்டிச் சிரட்டைக்குக் கீழே புடைத்து வலித்தாலோ குதிகால் வலித்தாலோ "சும்மா வலி" என்று விடாதீர்கள். தசை இழுக்கும் இடத்தில் வளரும் எலும்பு புண்படுவதால் வரும் வலி அது. ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும், ஆடிக்கொண்டே போனால் மாதக்கணக்கில் நிற்கும். எல்லாப் பையன்களின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, ஆடிய நிமிடங்களையும் வலியையும் குறியுங்கள்.

இந்த நாட்களில் செய்ய வேண்டிய வேலை இன்னொன்றும் இருக்கிறது. மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். அது முடிந்ததும் தகப்பன்மார் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வீரர் பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழும் பெற்றோர் கையெழுத்தும் தேவைப்படும். சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து என்று இருந்தால் திருத்த வாரக்கணக்கில் ஆகும். ஜூன் முதல் வாரத்திலேயே எல்லாத் தகப்பன்மாரையும் மைதானத்துக்குக் கூப்பிட்டு, காகிதங்களைச் சரிபார்த்துக் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.