ஏபிநிக்கில் (ஆசிய-பசிபிக் பகுதிக்கு இணைய முகவரிகளைப் பங்கிட்டுப் பதிவு வைக்கும் அமைப்பு) ஆண்டுக் கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? பாதி முகவரிகளைத் திருப்பிக் கொடுத்தால் பில் குறையுமா? பர்மா நிறுவனங்களுக்குச் சலுகை உண்டா?

கேள்வியை வைத்துப் பார்த்தால் உங்களிடம் ஒரு /22, அதாவது 1,024 இணைய முகவரிகள் கொண்ட தொகுதி, இருக்கிறது, ஆண்டு பில் வந்திருக்கிறது, ‘இதைக் குறைக்க வழி பார்’ என்று முதலாளி உங்கள் தலையில் கட்டியிருக்கிறார். எனக்கும் இதே கதைதான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நெட்வொர்க் ஆள் இல்லை. ரங்கூனில் ஒரு சின்ன இணைய சேவை நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன். ரௌட்டரைத் தொட்டுப் பார்த்ததுகூடக் கிடையாது. “ஏபிநிக் தளத்திலேயே கால்குலேட்டர் இருக்கிறதே, இதற்கு ஒரு பதிலா?” என்று யாராவது வருவார்கள். இருக்கிறது ஐயா. எண்ணைப் போட்டால் தொகை வரும். ஏன் அந்தத் தொகை என்று முதலாளி கேட்டால் கால்குலேட்டர் வந்து பதில் சொல்லாது, நான்தான் சொல்ல வேண்டும்.

சரி, கணக்கு. நம்மில் பலர் நினைப்பது போல முகவரிக்கு இவ்வளவு என்று விலை போட்டுப் பெருக்குவதில்லை. 256 முகவரிகள், அதாவது ஒரு /24, வைத்திருப்பவருக்கு ஓர் அடிப்படைத் தொகை. பல வருடங்களாக அது 1,180 ஆஸ்திரேலிய டாலராக இருந்தது. அதற்கு மேல், முகவரிகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் கட்டணம் சுமார் 1.3 மடங்காகிறது. 512-க்கு ஒரு தடவை 1.3, 1,024-க்கு இரண்டு தடவை. சூத்திரத்தில் லாக் 2 என்று எழுதி அதிலிருந்து 8-ஐக் கழித்திருப்பார்கள். அந்த 8 என்னவென்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். 2-ஐ எட்டுத் தடவை பெருக்கினால் 256, அவ்வளவுதான் விஷயம். லாக்குக்குத் தமிழில் மடக்கை என்று பெயராம். 1960-களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு இங்கே தமிழில் கணக்குப் படிக்க ஏது வழி? என் தமிழ் கோயில் மாலை வகுப்புத் தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்களை வைத்துப் போட்டால் /24-க்கு 1,180, /23-க்கு (512 முகவரி) ஏறக்குறைய 1,530, /22-க்கு (1,024) ஏறக்குறைய 2,000 ஆஸ்திரேலிய டாலர். அடிப்படைத் தொகையையும் மடங்கையும் அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் உங்கள் வருடத்துக்கான எண்ணைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கின் உருவம் இதுதான்.

இதுவரை சொன்னது ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிக்கு. ஐபிவி6 என்ற புதிய வகைக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. அங்கே எண்ணும் அலகு தனி முகவரி இல்லை, /56 என்ற தொகுதி; கழிப்பது 22. இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, எது அதிகமோ அதை மட்டும்தான் வாங்குவார்கள், கூட்டுவதில்லை. ஒரு /32 ஐபிவி6-க்கு வரும் தொகையும் ஒரு /22 ஐபிவி4-க்கு வரும் தொகையும் ஒன்றே. ஆக /22 வைத்திருப்பவர் /32-ஐயும் கேட்டு வாங்கிக்கொண்டால் பில்லில் ஒரு காசு ஏறாது. எங்கள் நெட்வொர்க் பையன்களிடம் இதைச் சொன்னபோது “உங்களுக்கு எதுக்கு சயா (பர்மிய மொழியில் ஐயா) ஐபிவி6?” என்று சிரித்தார்கள். கணக்கு எழுதுகிறவன் இலவசத்தை விடுவானா?

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 2022-இல் எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். மனிதர் தமிழர்தான், மோல்மேன் பக்கம். “தம்பி, நம்ம கிட்ட இருக்கிற ஆயிரத்துச் சொச்சத்துல பாதிதான ஓடுது. மிச்சத்தைத் திருப்பிக் குடுத்துட்டா பில்லும் பாதியாயிடும்ல?” என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்று மாலையே கடிதம்கூட எழுதத் தொடங்கினேன். ஏதோ உறுத்தியது. கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

1,024-இல் 512-ஐக் கொடுத்தால் பில் பாதியாகாது, நாலில் ஒரு பங்குகூடக் குறையாது. 2,000 போய் 1,530. கால்வாசியை மட்டும் கொடுத்து 768 வைத்துக்கொண்டால் 1,790 பக்கத்தில் வரும். இன்னொரு பக்கம், கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் கிடைக்குமா? ஏபிநிக்கிடம் ஐபிவி4 கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசி /8-க்கு, அதாவது கடைசிப் பெரிய தொகுதிக்கு, வந்துவிட்டது. அதன் பிறகு புதியவர்களுக்கு அதிகபட்சம் ஒரு /22 என்றார்கள், 2019-இல் அதையும் /23 ஆக்கிவிட்டார்கள். வெளிச் சந்தையில் அந்தச் சமயம் ஒரு முகவரி 50 அமெரிக்க டாலர் பக்கம் போய்க்கொண்டிருந்தது. 512 முகவரி என்றால் எவ்வளவு என்று முதலாளியே விரல் விட்டு எண்ணினார். பிறகு “அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடு” என்றார். கிழிக்க ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஆனாலும் கிழித்துவிட்டேன் என்று சொன்னேன்.

இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. 65,536 முகவரி, அதாவது ஒரு /16, வைத்திருப்பவர் எங்களைப் போல 64 மடங்கு வைத்திருக்கிறார், ஆனால் கட்டுவது சுமார் 5 மடங்குதான். சலுகையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், எங்களுக்கு முகவரிக்கு 2 டாலர் விழும்போது அவருக்கு 15 சென்ட். பதிவேட்டில் ஒரு வரி எழுதப் பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே வேலைதான், முகவரியை ஏபிநிக் விற்பதில்லை, பதிவேட்டைப் பராமரிக்கத்தான் பணம் என்பார்கள். நியாயம்தான், மறுக்கவில்லை. ஐரோப்பாவில் இதே வேலையைச் செய்யும் ரைப் என்சிசி அளவே பார்ப்பதில்லை, ஒரு உறுப்பினர் கணக்குக்கு ஒரே கட்டணம். அங்கே இருந்தால் என் வயிறு இன்னும் எரிந்திருக்கும்.

அப்புறம் சலுகை. உண்டு. ஐ.நா.வின் மிகக் குறைந்த வளர்ச்சியுற்ற நாடுகள் பட்டியலில் இருந்தால் ஏபிநிக் பாதிக் கட்டணம்தான் வாங்குகிறது. பர்மா அந்தப் பட்டியலில் 1987 முதல் இருக்கிறது. அதனால் எங்கள் /22-க்கு விழுந்தது ஆயிரம் டாலர் பக்கம்.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அந்த 1987 என்ற எண்ணைப் பார்த்ததும் அப்பா ஞாபகம். அதே வருடம் செப்டம்பரில்தான் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று திடீரென்று அறிவித்தார்கள், மாற்றுப் பணம் கிடையாது. அப்பாவுக்கு மொகல் தெருவில் ஒரு சின்ன மளிகைக் கடை. அக்காள் கல்யாணத்துக்கு என்று சேர்த்ததில் முக்கால்வாசி 75 கியாட் நோட்டு. 1964-இல் 50-ம் 100-ம் செல்லாமல் போனபோது தாத்தா பட்டதைப் பார்த்துத்தான் அப்பா வங்கியை நம்பாமல் வீட்டில் வைத்தார். 1985-இல் மறுபடி நோட்டுகள் செல்லாமல் போய் ஒரு அடி விழுந்தது. பிறகு இது. அடுத்து வந்த நோட்டுகள் 45-ம் 90-ம். இரண்டும் ஒன்பதால் வகுபடும், அது ராசி எண் என்று ஊரெல்லாம் பேச்சு. செல்லாத நோட்டை வைத்து நானும் பக்கத்து வீட்டுப் பையன்களும் கடை விளையாட்டு விளையாடினோம். ஒரு நாள் அப்பா பார்த்துவிட்டார். திட்டவில்லை. உள்ளே போய்விட்டார். டிசம்பரில் ஐ.நா. பட்டியலில் பெயர் ஏறியது. உலகத்துக்கே அரிசி அனுப்பிய நாடு. முப்பத்தைந்து வருடம் கழித்து அதற்கு எனக்குப் பாதி விலையில் பில் வருகிறது. இது கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான், தெரியும். அரசியலும் பேசவில்லை. பில்லில் தள்ளுபடி வரியைப் பார்க்கும்போதெல்லாம் வருவதைச் சொன்னேன்.

தொகையைவிடப் பெரிய பாடு பணத்தை அங்கே கொண்டு சேர்ப்பது. ஏபிநிக் இருப்பது பிரிஸ்பேனில், பில் ஆஸ்திரேலிய டாலரில், கியாட்டை அவர்கள் வாங்க மாட்டார்கள். 2022 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டுக்குப் பணம் போக அந்நியச் செலாவணி மேற்பார்வைக் குழுவின் அனுமதி வேண்டும் என்றானது. அரசு விலை அமெரிக்க டாலருக்கு ஆகஸ்டில் 2,100 கியாட். அந்த விலைக்கு வெளியே ஒரு டாலர்கூடக் கிடைக்காது. இதற்கு நடுவில், பில் முதலில் போனது வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு பொறியாளரின் மின்னஞ்சலுக்கு. பில் தொடர்பு என்று அவர் பெயர்தான் இருந்தது. நினைவூட்டல் வந்த பிறகே எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் கணக்கு வைத்திருந்த வங்கியில் (பெயர் வேண்டாம்) பில்லைக் காட்டினால், “இது என்ன சரக்கு? இறக்குமதி உரிமம் எங்கே?” என்றார் அங்கே உட்கார்ந்திருந்த அம்மா. இணைய முகவரி என்றேன். எந்தத் துறைமுகத்தில் இறங்கும் என்று கேட்டார். கிண்டல் இல்லை, படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதாம். உறுப்பினர் சந்தா என்று மாற்றி எழுதி, உறுப்பினர் ஒப்பந்தத்தைப் பர்மிய மொழியில் பெயர்த்துக் கொடுத்து, ஐந்து வாரம் அலைந்து, ஒருவழியாகப் பணம் போனது. போய்ச் சேர்ந்தபோது 27 டாலர் குறைவு. நடுவில் இருந்த வங்கி தன் கூலியைப் பிடித்துக்கொண்டது. 27 டாலர் பாக்கியால் பில் தீராமல் நின்றது. கட்டாமல் விட்டால் சேவை நிற்கும், கடைசியில் முகவரிகளையே எடுத்துக்கொள்வார்கள். மறுபடி ஐந்து வாரம் அலைய என்னால் ஆகாது. சிங்கப்பூரில் இருக்கும் மாமா மகனைக் கூப்பிட்டு அவன் கார்டில் கட்டச் சொன்னேன். இரண்டு நிமிடம். “இதுக்கா அத்தான் இவ்வளவு பதட்டம்?” என்றான்.

ஆகவே உங்கள் முதலாளியிடம் முகவரியைக் கொடுக்கும் பேச்சை விடச் சொல்லுங்கள். பில் தொடர்பில் யார் மின்னஞ்சல் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். வங்கி வழியாக அனுப்பினால் நடுவங்கிக் கூலியையும் அனுப்புபவரே ஏற்பதாகப் படிவத்தில் குறியுங்கள், நான் குறிக்கவில்லை. துறைமுகம் கேட்டால் சந்தா என்று சொல்லுங்கள். பில்லுக்குக் கடைசித் தேதி எப்போது என்று நீங்கள் சொல்லவே இல்லையே?